ரூட் பாஸ்வேர்டும் டாக்டர் அம்மாவின் பூட்டும்

போன மாதம் திருப்பதியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் கூடினோம். உயிரோடிருப்பவர்கள், நடக்க முடிந்தவர்கள், வீட்டில் போக விட்டவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர். போண்டா வந்தது, காபி வந்தது, கூடவே சண்டையும் வந்தது. சண்டை போட்ட இருவரும் எனக்குக் கீழே வேலை கற்றவர்கள். இப்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. பைலுக்கு பெர்மிஷன் ஒழுங்காக வைத்தால் போதும், என்கிரிப்ஷன் எல்லாம் வீண் ஆடம்பரம் என்றார் ஒருவர். என்கிரிப்ஷன் பண்ணிவிட்டால் பெர்மிஷன் எதற்கு, பைலைத் தெருவில் போட்டாலும் எவனுக்கும் புரியாது என்றார் மற்றவர். போண்டா ஆறிப்போயிற்று. கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பி, "சாமுவேல் சார், நீங்க சொல்லுங்க" என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

கேட்டுவிட்டுக் கேட்காமல் போகிறவர்களிடம் கத்த எனக்குத் தொண்டை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்று. பெர்மிஷன் என்பது வாசலில் நிற்கும் வாட்ச்மேன். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று அவனிடம் சொல்லி வைக்கலாம். ஆனால் பெரிய அதிகாரி வந்தால் சலாம் போட்டுக் கதவைத் திறந்துவிடுவான். என்கிரிப்ஷன் என்பது பூட்டு. அதற்கு அதிகாரியும் ஒன்றுதான், பியூனும் ஒன்றுதான். சாவி இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. இவ்வளவும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நம் ஊர் ஆபீசில் இந்த இரண்டுக்கும் நேர்ந்த கதி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நான் சித்தூர்க்காரன். நைனா, அதாவது அப்பா, மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அறுபதுகளில் படிப்பை முடித்துவிட்டு மெட்ராஸ் போய், கார்டில் துளை போடும் வேலை கற்றேன். பிறகு கார்டுகளைப் பிரிக்கும் எந்திரம், பிறகு கம்ப்யூட்டர். எழுபதுகளில் திருப்பதியில் சென்டர் ஆரம்பித்தார்கள். ஊருக்குப் பக்கம் என்று வந்து சேர்ந்தேன். கார்டு காலத்தில் பாதுகாப்பு என்றால் இரும்பு பீரோவும் அதன் சாவியும்தான். எண்பதுகளில் யூனிக்ஸ் எந்திரம் வந்தபோதுதான் தலைவலி ஆரம்பித்தது. இருப்பது ஒரே எந்திரம்; அதிலிருந்து அறை அறையாக டெர்மினல்கள், அதாவது ஒரு திரையும் கீபோர்டும். கல்லூரி மார்க்கு, ஆராய்ச்சிக் கணக்கு, ஆஸ்பத்திரி விவரம் எல்லாம் ஒரே டிஸ்க்கில் கிடக்கும். யார் எதைப் பார்க்கலாம் என்பதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அந்த எந்திரத்தில் ஒவ்வொரு பைலுக்கும் மூன்று வகை ஆட்கள் உண்டு. பைலின் சொந்தக்காரர், அவருடைய குழுவில் இருப்பவர்கள், மற்ற எல்லோரும். ஒவ்வொரு வகைக்கும் படிக்கலாமா, எழுதலாமா என்று தனித்தனியாகச் சொல்லி வைக்கலாம். இவர்களுக்கெல்லாம் மேலே ரூட் என்று ஒரு பெயர் இருந்தது. எந்திரத்தைப் பராமரிப்பதற்காக வைத்த பெயர் அது. ரூட்டாக உள்ளே வந்தவரை எந்த பெர்மிஷனும் தடுக்காது. எதையும் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். எந்திரம் மக்கர் பண்ணும்போது மட்டும், அதுவும் வேலை தெரிந்தவர் ஒருவர் மட்டும், பயந்து பயந்து பயன்படுத்த வேண்டிய பெயர்.

எங்கள் டைரக்டருக்கு அது பதவியாகத் தெரிந்தது.

டைரக்டர் தெலுங்குக்காரர். தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். குரலை உயர்த்தமாட்டார். "முடியாது" என்ற வார்த்தையையே நான் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. நாம் சொல்வதைக் கண்ணாடியைத் துடைத்தபடி கடைசிவரை கேட்பார். பிறகு மணியடித்து நமக்குக் காபி வரவழைப்பார். காபி வந்தால் நம் கோரிக்கை செத்தது என்று அர்த்தம். நான் அந்த அறையில் எத்தனையோ காபி குடித்திருக்கிறேன். ஒவ்வொன்றும் வேப்பங்காய்.

எந்திரம் வந்த வாரமே என்னைக் கூப்பிட்டார். "சாமுவேல் காரு, இந்த ரூட்டுன்றது எல்லாத்துக்கும் மேலதான, காதா?"

"ஆமாங்க சார்."

"அப்ப அது எங்கிட்ட இருக்கணும். நான் இங்க ஹெட்டு."

அது ஹெட்டுக்கான பெயர் இல்லை, மெக்கானிக்குக்கான பெயர் என்று அரைமணி நேரம் விளக்கினேன். காபி வந்தது. எழுத்தும் எண்ணுமாகக் கலந்து நான் வைத்திருந்த பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "இது ஏமிட்டி, எலி கடிச்ச மாதிரி இருக்குது!" என்றார். மறுநாளே அது 'கோவிந்தா' என்று மாறிவிட்டது.

திருப்பதியில் இது ஒரு தனி வியாதி. பாஸ்வேர்டு என்றால் எல்லோருக்கும் பெருமாள் பெயர்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி மலை ஏறுகிற எவனும் வழியெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டு போகிற பெயரை ரகசியம் என்று வைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் சாமி பெயர்களாக வரிசையாக அடித்துப் பார்த்தேன். பாதிப் பேருடைய கணக்கு திறந்துகொண்டது. எங்கள் கிறிஸ்தவ ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. 'ஸ்தோத்திரம்' என்று அடித்தால் மிச்சத்தில் பாதி திறக்கும். மாற்றச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டேன். "சாமி பேரு வெச்சா சாமியே காவல் இருக்கும் சார், நீங்க எதுக்குக் கவலைப்படுறீங்க?" என்று என்னைத் தேற்றினார்கள்.

டைரக்டர் அந்த ரூட் பாஸ்வேர்டை ஒருநாள்கூடத் தன் கையால் அடித்ததில்லை. டைப் அடிப்பது அவர் அந்தஸ்துக்கு இல்லை. அதனால் அதைத் தன் பி.ஏ. முனிரத்தினத்திடம் கொடுத்துவிட்டார். முனிரத்தினம் புத்தூர்க்காரர், நம் தமிழ் ஆள், ஊருக்கு நல்லவர். யாருக்குப் பிரசவம் என்றாலும், யாருக்குக் காரியம் என்றாலும் முன்னால் நிற்பார். ஆனால் டைரக்டர் டூர் போய்விட்டால் அந்த அறையில் உட்கார்ந்து, நாம் வாரப் பத்திரிகை புரட்டுவதுபோல ஊரார் பைல்களைப் புரட்டுவார். தேர்வு முடிவு வெளிவருவதற்கு முன்பே ஒரு பையனைக் கூப்பிட்டு, "பாஸாயிட்டடா, வீட்ல போயி சொல்லு" என்று வாழ்த்தியவர் அவர். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவன் என்றால் புகார் எழுதலாம்.

இப்படி இருக்கும்போதுதான் டாக்டர் கிரேஸ் வந்தார். சித்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தொழுநோய்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். அப்போது அந்த நோய்க்குப் புதிதாகக் கூட்டு மருந்து வந்திருந்தது. யாருக்குக் குணமானது, யாருக்குத் திரும்பி வந்தது என்று கணக்கெடுக்க வேண்டும். மாவட்டம் முழுக்க உள்ள நோயாளிகளின் பெயர், தெரு, குடும்பம், மருந்து விவரம் எல்லாம் எழுதிய பாரங்களை ஊர் வாரியாகக் கட்டுக் கட்டி, ஒரு தகர டிரங்குப் பெட்டியில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தார். பெட்டியின் மேல் கையை வைத்தபடியே கேட்டார்.

"மிஸ்டர் சாமுவேல், இத யாரெல்லாம் பார்க்க முடியும்?"

"பெர்மிஷன் போட்டா நீங்களும் நானும்."

"உங்களுக்கு மேல?"

டைரக்டர் இருக்கிறார் என்றேன். "அவருக்கு எதுக்கு?" என்றார்.

அந்தக் காலத்தில் அந்த நோயின் பெயர் ஒரு வீட்டின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. குணமாகிப் பல வருஷம் ஆனாலும் அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள், தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். பெயருக்குப் பதில் நம்பர் போடலாமா என்று கேட்டேன். ஊர் ஊராகப் போய் நோயாளியைத் தேடுகிறவருக்குப் பெயரும் தெருவும் இல்லாமல் ஆகாது என்றார். பைலையே பூட்டிவிடலாம் என்று டைரக்டரிடம் போனேன். "என் மெஷின்ல நான் படிக்க முடியாத பைலா? எப்படி இருக்கும், செப்பண்டி?" என்றார். காபி. டாக்டருக்கு, விவரங்கள் முழுப் பாதுகாப்பில் இருக்கும் என்று அழகான இங்கிலீஷில் ஒரு கடிதம் போயிற்று. நான் பெர்மிஷனை மட்டும் போட்டு வேலையை ஆரம்பித்தேன்.

டைப் பண்ணும் வேலை தேவகிக்கு. நகரியில் தறி ஓட்டும் குடும்பத்துப் பெண். விரல் பறக்கும், தப்பு வராது, வாய் திறக்கமாட்டாள். அப்போதுதான் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை நம் முனிரத்தினத்தின் அக்கா மகன், புத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார். பெண்ணின் அடக்கத்தைப் பார்த்து முனிரத்தினமே பேசி முடித்த சம்பந்தம். ஆபீசுக்கே லட்டு கொடுத்தார்.

நகரி ஊர்க் கட்டை எடுத்த அன்று, எங்கள் அறையில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், தேவகி ஒரு பாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், இத நீங்க டைப் பண்றீங்களா?"

"ஏம்மா, எழுத்து புரியலையா?"

"இது எங்கம்மா சார்."

நான் பாரத்தைக் கையில் வாங்கக்கூட இல்லை. அவளே தொடர்ந்தாள். "நான் சின்னப் புள்ளையா இருக்கச்சொல வந்திச்சி. இப்ப ஒண்ணுமில்ல. சுண்டுவிரலு மட்டும் மடங்கிக்கினு இருக்குது. தறியில அடிபட்டுச்சின்னு சொல்லிக்கினு இருக்கிறோம். தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்து அறையைக் கண்ணால் காட்டினாள். "சார், அவரு இத பாக்க முடியுமா?"

முடியாது என்று சொல்ல எனக்கு ஆசைதான். சுவருக்கு அந்தப் பக்கம் முனிரத்தினம் யாருடனோ சிரித்துப் பேசுவது கேட்டது. "இன்னிக்கி முடியும். முடியாதபடி பண்றேன், கொஞ்சம் பொறு" என்றேன். அந்தப் பாரத்தையும், அவள் இன்னும் தொடாத கட்டுகள் எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொண்டேன். சித்தூருக்கு போன் போட்டேன். யாருடைய பாரம் என்று சொல்லாமல், "டாக்டர் அம்மா, நீங்க நேர்ல வரணும்" என்றேன்.

மறுநாளே வந்தார். டைரக்டர் அறையில் நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். டாக்டர் உட்கார்ந்ததும், நோயாளிகளின் பைலைப் பூட்ட வேண்டும், சாவி தன்னிடம் மட்டும் இருக்க வேண்டும் என்றார். டைரக்டர் கண்ணாடியைத் துடைத்தார். மணியடித்தார். காபி வந்தது. டாக்டர் டம்ளரைத் தொடவில்லை.

"டாக்டர் காரு, இது என் வீடு மாதிரி. என் வீட்ல எனக்கே ஒரு ரூம் பூட்டி இருந்தா நாலு பேரு ஏமனுகுண்டாரு, என்ன நினைப்பாங்க?"

"என் ஆஸ்பத்திரியில நானே கதவைத் தட்டிட்டுதான் வார்டுக்குள்ள போறேன் சார். என்னை யாரும் குறைவா நினைக்கல."

டைரக்டர் யோசித்து ஒரு வழி சொன்னார். பூட்டலாம், ஆனால் சாவியான ரகசியச் சொல்லைத் தாளில் எழுதி, ஒரு கவரில் போட்டு அரக்கு வைத்துத் தன் பீரோவில் வைக்க வேண்டும். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்த பீரோவின் சாவி முனிரத்தினத்தின் மேஜை டிராயரில் இருக்கும். வேலியே பயிரை மேய்கிறது என்று வேலிக்கு வேலி போட்டால், அந்த வேலியின் படலையும் ஆட்டின் கையிலேயே கொடுக்கச் சொல்கிறார்.

"அப்ப பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன்" என்று டாக்டர் எழுந்துவிட்டார். ஆஸ்பத்திரி ஆராய்ச்சி எங்கள் சென்டரில் நடக்கிறது என்று டைரக்டர் ஐதராபாத்தில் இருந்த மேலிடத்துக்கு எழுதியிருந்தார். பெட்டி போனால் பெயர் போகும். "உட்காருங்க, உட்காருங்க" என்றவர், அவரிடம் வேலை பார்த்த காலம் முழுக்க நான் அவர் வாயிலிருந்து கேட்ட ஒரே நல்ல கேள்வியைக் கேட்டார்: "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா பைல யாரு திறப்பாங்க?" பூட்டின் பலவீனமே அதுதான். சாவி தொலைந்தால் சொந்தக்காரனுக்கும் அது கல்லுதான். இன்னொரு சாவி சித்தூர் ஆஸ்பத்திரி இரும்புப் பெட்டியில் இருக்கும், எங்கள் கட்டடத்துக்குள் வராது என்று முடிவாயிற்று.

எங்கள் எந்திரத்தோடு என்கிரிப்ஷன் புரோகிராம் வரவில்லை. அமெரிக்காக்காரன் வெளிநாட்டுக்கு விற்கும்போது அதை மட்டும் உருவிக்கொண்டு அனுப்புவான் என்றார்கள். அதனால் நானே ஒன்று எழுதினேன். இன்றைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். முனிரத்தினத்துக்கு அது போதும். ஒன்றை மட்டும் டாக்டரிடம் கையெடுத்துக் கேட்டுக்கொண்டேன்: "தயவுசெய்து சாவியா வேத வசனம் வேணாம் அம்மா." அவர் சாவியை அடிக்கும்போது நான் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்காருவேன். பைல் பூட்டியதும் பூட்டாத பைலை அழித்தேன். அதோடு விட்டால் பாதி வேலைதான். வாரா வாரம் டேப்பில் நகல் எடுத்திருக்கிறோமே, பழைய டேப்பில் பூட்டாத பைல் அப்படியே இருக்கும். இதை மறந்துவிட்டு, பூட்டியாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த டேப்புகளைத் தேடி எடுத்துத் துடைத்து, பூட்டிய பைலைப் புதிதாக நகல் எடுத்தேன். தேவகியிடம், "இனிமே யாராலயும் முடியாது" என்றேன். அவள் என்னைக் கும்பிட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் டைரக்டர் ஐதராபாத் போனார். அவர் அறையிலிருந்து திடீரென்று கீ கீ என்று ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் முனிரத்தினம் டெர்மினல் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். திரை முழுக்கக் கன்னாபின்னா எழுத்து. பூட்டிய பைலைச் சாதாரண பைல்போலத் திரையில் கொண்டுவந்தால் டெர்மினல் இப்படித்தான் கதறும். "நான் ஒண்ணும் பண்ணல சார், தானா கூவுது" என்றார். அணைத்துவிட்டு வந்தேன். பூட்டு வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் குளிர்ந்தேன்.

மறுநாள் காலையில் பைலைக் காணோம்.

என் தொழிலில் நான் பட்ட அடிகளில் அது பெரிய அடி. பெட்டியை யாரும் திறக்க முடியாதுதான். தூக்கிக் கிணற்றில் போடலாமே! என்கிரிப்ஷன் படிப்பதைத் தடுக்கும், அழிப்பதைத் தடுக்காது. அழிப்பதைத் தடுக்க வேண்டியது பெர்மிஷன். அந்த பெர்மிஷனோ ரூட்டைக் கண்டதும் சலாம் போடுகிறது. யார் எந்த டெர்மினலிலிருந்து உள்ளே வந்தார்கள் என்று எந்திரம் குறித்து வைக்கும். பார்த்தேன். டைரக்டரின் டெர்மினல், ரூட், டைரக்டரோ ஐதராபாத்தில்.

முனிரத்தினத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நல்ல மனிதர், ஊருக்கு உழைப்பவர், அதெல்லாம் அந்த நிமிஷம் எனக்கு நினைவில்லை. "ஏன்யா அழிச்ச? உனக்கு இன்னா கேடு?" என்று சித்தூர்த் தெருவில் கேட்பதுபோலக் கேட்டேன். பெண் வீட்டைத் துருவப் பார்த்திருக்கிறார், திறக்க முடியாத ஆத்திரத்தில் அழித்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

"சார், அந்தப் பொண்ணு புத்தூர் கட்டை டைப் பண்ணிச்சா?"

"எந்தப் பொண்ணு?"

"தேவகி. சொல்லு சார், கால்ல வேணா வுழறேன். அதுல எங்கக்கா பேரு இருக்குது."

மாப்பிள்ளையின் அம்மா. வெகு காலமாகச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவள். தம்பிக்குத் தவிர யாருக்கும் தெரியாது, பெற்ற மகனுக்கே தெரியாது. அந்தப் பாரங்களை யார் டைப் பண்ணுகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து இந்த மனிதருக்குத் தூக்கமில்லை. பெயரை மட்டும் எடுத்துவிடலாம் என்று பார்த்திருக்கிறார், திரை கூவியிருக்கிறது, வேறு வழி தெரியாமல் முழுசாக அழித்துவிட்டார்.

"அவங்க நல்ல குடும்பம் சார். எந்த நோயும் அண்டாத குடும்பம். இது தெரிஞ்சா எங்கக்காவை இன்னான்னு நெனைப்பாங்க? பொண்ணு குடுப்பாங்களா?"

என் நாக்கு நுனியில் நின்றது. நகரிக் கட்டு ஒரு பக்கம், புத்தூர்க் கட்டு ஒரு பக்கம். ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதர் எழுந்து நின்று சிரித்திருப்பார். அந்த வார்த்தை என்னுடையது இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சொல்லக்கூடிய உண்மையை மட்டும் சொன்னேன்: "புத்தூர்க் கட்டை அவ தொடல. நான்தான் டைப் பண்ணேன். யாரு யாருன்னு நான் பாக்கல." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

டேப்பிலிருந்து பைலைத் திரும்ப ஏற்றினேன். அன்றைக்கே தேவகி வந்து நின்றாள். திரை கூவியது ஆபீசுக்கே தெரியுமே. "அவரு படிச்சிட்டாரா சார்? அவங்க நல்ல குடும்பம் சார். இந்த மாதிரி வியாதியெல்லாம் அந்த வீட்டு வாசல மிதிச்சிருக்காது. எங்கம்மா கதை தெரிஞ்சா அவ்ளோதான்."

எனக்குச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. "யாரும் படிக்கல. போயி வேலையப் பாரு!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

டாக்டர் கிரேஸுக்கு இரண்டு பக்கமும் தெரியும். அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். "நீங்களாவது சொல்லுங்களேன் அம்மா, ஒரு நிமிஷத்துல ரெண்டு வீடும் நிம்மதியாயிடும்" என்றேன். "அவங்கவங்க வியாதி அவங்கவங்க சொத்து, சாமுவேல். நான் எடுத்துக் குடுக்க முடியாது. சொல்லிடுங்கன்னு ரெண்டு அம்மாமார்கிட்டயும் தனித்தனியா சொல்றேன்" என்றார். சொல்லியும் பார்த்தார். இருவருமே, "கல்யாணம் முடியட்டும் அம்மா" என்றார்களாம்.

டைரக்டர் திரும்பியதும் எனக்கு மெமோ வந்தது. என் பொறுப்பிலிருந்த பைல் எப்படிக் காணாமல் போயிற்று, விளக்கம் தேவை. உண்மையை எழுதினால் முனிரத்தினம் மாட்டுவார். அவர் ஏன் செய்தார் என்று கேட்பார்கள். அவர் அக்காவின் கதை தெருவுக்கு வரும். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதிக் கொடுத்தேன். "பார்த்தீங்களா, பூட்டு பூட்டுன்னீங்க, உங்க பூட்டே பைலைத் தின்னுடுச்சி" என்றார் டைரக்டர். அந்த வருஷம் பதவி உயர்வு என்னைத் தாண்டி வேறொருவருக்குப் போயிற்று. ஒன்றே ஒன்று சாதித்தேன். ரூட் பாஸ்வேர்டை மாற்றினேன். டைரக்டருக்கு 'டைரக்டர்' என்ற பெயரில் அதிகாரமே இல்லாத ஒரு கணக்கைத் திறந்து, அதற்கு 'கோவிந்தா' என்று வைத்துக் கொடுத்தேன். ஓய்வுபெறும்வரை அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கல்யாணம் புத்தூரில் நன்றாக நடந்தது. பந்தியில் முனிரத்தினம் எனக்குப் பக்கத்தில் நின்று இரண்டாம் தடவை பாயசம் ஊற்றினார். தேவகி வேலையை விடவில்லை. புத்தூரிலிருந்து ரயிலில் வந்து போனாள். விதவையான அவள் அம்மா கொஞ்ச நாளில் நகரி வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு வந்துவிட்டாள். சம்பந்திகள் இருவரும் ஒரே வீட்டில். பூட்டிய பைல் டிஸ்க்கில் அப்படியே இருந்தது. டாக்டர் வருவார், சாவி போடுவார், நான் சுவரைப் பார்ப்பேன்.

மூன்று நான்கு வருஷம் கழித்து, எண்பதுகள் முடியும் சமயத்தில், தேவகியின் மாமியார் இருதய நோயில் இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்து தேவகி வேலைக்கு வந்த அன்று நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"சார், உங்களுக்குத் தெரியுமா?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"பாடி கூடத்துல கெடக்குது. டாக்டரம்மா வந்தாங்க. அவங்கள பாத்ததும் எங்கம்மா, நம்மளத் தேடிக்கினு வந்துட்டாங்க, இத்தினி பேரு எதிர்ல நம்மள அடையாளம் கண்டுக்குவாங்கன்னு புழக்கடைப் பக்கம் ஓடிப்போயி ஒளிஞ்சிக்கிச்சி. டாக்டரம்மா யாரையும் தேடல. நேரா எங்க மாமியார் கிட்ட போயி குந்திக்கினு, பாதத்தைப் புடிச்சிக்கினு அழுதாங்க. கூடப் பொறந்தவ மாதிரி அழுதாங்க சார். எங்கம்மா கதவு சந்துல பாத்துக்கினே இருந்திச்சி."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா போனதுக்கு அப்பால எங்கம்மா வெளிய வந்திச்சி. அவங்க பக்கத்துல போயி குந்திச்சி. எங்கம்மா மாசா மாசம் நூல் பாக்கப் போறேன்னு செவ்வாக்கெழம சித்தூரு போவும். அவங்க பங்காருபாளையத்துல சொந்தக்காரங்கள பாத்துட்டு வரேன்னு வெள்ளிக்கெழம போவாங்க. ஊர்க்காரங்க யாரும் வராத நாளா குடுங்கன்னு ரெண்டு பேருமே டாக்டரம்மாவ கேட்டு வாங்கிக்கினாங்களாம், அவங்க கதைய முனிரத்தினம் மாமா அப்பால சொன்னாரு. ஒரே ஊட்ல இருந்துக்கினு, ஒரே தட்டுல துன்னுக்கினு, ஒருத்தருக்கு ஒருத்தர் பயந்துக்கினே இருந்திருக்காங்க சார். பாடிய எடுக்கற வரைக்கும் எங்கம்மா அந்தக் கையை வுடல. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக்கினே இருந்திச்சி."

"இன்னா சொன்னாங்க?"

"ஒரே பஸ்ல போயிருக்கலாமே அண்ணி, ஒரே பஸ்ல போயிருக்கலாமேன்னு."